வரிசையை எண்ணக் கற்றுத்தரும் பெட்டி: எக்ஸ்பைஸ்-17

மதுரை திருநகரில் மாலை வேளையில் பொறியியல் மாணவர்களுக்குக் கட்டுப்பாட்டு முறைமைகள் பாடம் நடத்துகிறேன். அதிர்வெண் மாற மாற வெளியீடு எப்படி மாறுகிறது என்று காட்டும் போடே வரைபடத்தைக் கொடுத்து, முறைமையின் வரிசை என்ன, அதாவது கோட்டைக் கீழ்நோக்கித் திருப்பும் துருவங்கள் எத்தனை என்று கேட்டால், பெரும்பாலோர் மனப்பாடமாக ஒரே வழியைச் சொல்வார்கள்: வலது கோடியில் அதிர்வெண் பத்து மடங்காகும்போது கோடு எத்தனை டெசிபல் சரிகிறது என்று பார்த்து 20 ஆல் வகுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை விடவைக்கத்தான் எக்ஸ்பைஸ்-17 வாங்கினேன். புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் உருவாக்கிய கருவி இது. மடிக்கணினியின் யுஎஸ்பியிலேயே இயங்குவதால் கரண்ட் போனாலும் வகுப்பு நிற்பதில்லை.

5 ஹெர்ட்ஸ் முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை சைன் அலை தருகிறது. உள்ளீட்டை ஏ1, வெளியீட்டை ஏ2 முனையில் கொடுத்தால், இரண்டின் வீச்சையும் கட்ட வேறுபாட்டையும் (வெளியீட்டு அலை எத்தனை பாகை பின்தங்குகிறது என்பதை) மென்பொருள் கணக்கிட்டுச் சொல்லிவிடுகிறது. புள்ளிகளை மாணவர்கள் செமிலாக் தாளில் (அதிர்வெண் அச்சு பத்துப் பத்து மடங்காக நகரும் வரைபடத் தாள்) கையால்தான் குறிக்க வேண்டும் என்பது என் வகுப்பின் விதி. கோடு எங்கே வளைகிறது என்பது விரலுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் 1 கிலோஓம் ரெசிஸ்டர், 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 159 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறைவு, 45 பாகை பின்தங்கல். இதில் யாருக்கும் சந்தேகம் வராது. அதே ஜோடியை இன்னொன்றாக அடுத்து இணைத்தால்தான் சுவை கூடுகிறது. இரண்டு துருவங்களும் 159 ஹெர்ட்ஸிலேயே இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். இரண்டாவது ஜோடி முதல் ஜோடியின் மேல் சுமையாக விழுவதால், அவை 61, 416 ஹெர்ட்ஸுக்கு விலகிவிடுகின்றன. 159 ஹெர்ட்ஸில் கட்டம் சரியாக 90 பாகை பின்தங்குகிறது. அங்கேயே அளவெடுப்பை நிறுத்தினால் முதல் வரிசை என்று சாதிக்கலாம். 1,590 ஹெர்ட்ஸுக்குப் போனால் பின்தங்கல் 163 பாகை. அதற்கு மேல் அதிர்வெண் பத்து மடங்காகும்போது வீச்சு 40 டெசிபல் குறையும் போக்கில் இறங்குகிறது. இரண்டாம் வரிசை என்பதற்கு அதன் பிறகு வாதம் தேவையில்லை.

நான் மிகவும் விரும்பும் சோதனை மூன்றாவது. முதல் மின்சுற்றில் கெப்பாசிட்டரோடு தொடராக 100 ஓம் சேர்த்து, இரண்டுக்கும் குறுக்கே வெளியீட்டை எடுக்கிறோம். 145 ஹெர்ட்ஸ் அருகே கோடு சரியத் தொடங்குகிறது. 1,590 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் 21 டெசிபல் ஆழத்தில் படுத்துவிடுகிறது. கட்டம் 480 ஹெர்ட்ஸ் பக்கம் 56 பாகை வரை பின்தங்கிவிட்டு, மறுபடி பூச்சியத்தை நோக்கித் திரும்புகிறது.

“கடைசியில் சரிவே இல்லையே மேடம், அப்படியென்றால் வரிசை பூச்சியமா?” என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே இந்தக் கருவிக்குக் கொடுத்த பணம் தகும். வலது கோடிச் சரிவு சொல்வது துருவங்களின் எண்ணிக்கையிலிருந்து, கோட்டை மேல்நோக்கித் திருப்பும் சுழியங்களின் எண்ணிக்கையைக் கழித்தால் மிஞ்சுவதை மட்டுமே. வரிசை வேண்டுமென்றால் இடமிருந்து வலமாக நடந்து, கோடு கீழ்நோக்கித் திரும்பும் ஒவ்வொரு முறிவையும் எண்ண வேண்டும். இங்கே அப்படி ஒன்று இருக்கிறது. ஆகவே முதல் வரிசை. ஒரு துருவமும் ஒரு சுழியமும் ஒரே இடத்தில் விழுந்து ஒன்றையொன்று அடித்துவிட்டால், வரைபடத்தில் தடமே இருக்காது. அதனால் வரைபடம் தருவது குறைந்தபட்ச வரிசையைத்தான் என்பதையும் அன்றே சொல்லி முடித்தேன்.

வாங்க நினைப்பவர்கள் 5 கிலோஹெர்ட்ஸ் என்ற மேல் வரம்பை மனத்தில் வைத்துப் பாகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசி முறிவுக்குப் பிறகு குறைந்தது பத்து மடங்கு அதிர்வெண் மிச்சம் இருந்தால்தான் சரிவை நம்பிப் படிக்கலாம்; ஆகவே முறிவுகள் 500 ஹெர்ட்ஸுக்குள் விழட்டும். இரட்டைச் சுற்றில் 3 வோல்ட் கொடுத்தால் 1,590 ஹெர்ட்ஸில் வருவது ஏறத்தாழ 30 மில்லிவோல்ட்தான். ஏ2 முனையின் அளவு வரம்பை 16 வோல்ட்டிலேயே விட்டுவிட்டால் அந்த அலை படிக்கட்டாகத் தெரியும், 0.5 வோல்ட்டுக்கு இறக்கிவிடுங்கள். ரேடியோ அதிர்வெண் வடிகட்டிகளை ஆராய்பவர்களுக்கு இது உதவாது.

ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் மேலமாசி வீதிப் பக்கத்து உதிரிபாகக் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கெப்பாசிட்டரில் மின்பகுப்பு (எலக்ட்ரோலிடிக்) வகை வேண்டாம், பாலியெஸ்டர் என்று கேட்டு வாங்குங்கள். மின்பகுப்பு வகையில் மதிப்பு கூடக்குறைய இருந்து, முறிவு எதிர்பார்த்த இடத்தில் விழாது.