குட்டி யானை: டீசலா, கேஸா, மின்சாரமா?

2005-இல் டாடா ஏஸ் வந்தபோது நம் ஊர் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தது. இன்று எந்தக் கம்பெனியின் சின்ன சரக்கு வண்டியானாலும் அந்தப் பெயர்தான். தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர், செம்பாக்கம் பக்கம் தண்ணீர் கேன் போடுகிறேன். என் பழைய டீசல் குட்டி யானை அடுத்த எஃப்.சி.யை, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுச் சோதனையைத் தாண்டாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அதனால் கடந்த இரண்டு மாதமாக ஒரே கேள்வி: அடுத்ததும் டீசல்தானா, இல்லை மின்சாரமா?

இதே நேரத்தில் என் தங்கை மாப்பிள்ளையும் வண்டி மாற்றுகிறார். அவர் உத்திரமேரூர் பக்கமிருந்து கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றுபவர். இரண்டு பேரும் ஒரே ஷோரூம்களுக்குப் போனோம், ஒரே விலைப் பட்டியலைப் பார்த்தோம், ஆனால் எதிரெதிர் முடிவுக்கு வந்தோம். இரண்டுமே சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் விலை. டாடா 2025 ஜூனில் ஏஸ் ப்ரோவை ஒரே உடம்பில் மூன்று விதமாக இறக்கியது: பெட்ரோல் 3.99 லட்சம், பெட்ரோலும் சி.என்.ஜி. கேஸும் சேர்ந்தது 4.99 லட்சம், மின்சாரம் 6.50 லட்சம். எல்லாம் ஷோரூம் விலை, எல்லாவற்றுக்கும் 750 கிலோ லோடு. அதே வருஷம் செப்டம்பரில் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. மின்வண்டிக்கு முன்பே 5 சதவீதம்தான், அதில் மாற்றமில்லை. வரிக் குறைப்பை அப்படியே கழித்துப் பார்த்தால் பெட்ரோல் 3.7 லட்சம் பக்கமும், கேஸ் 4.6 லட்சம் பக்கமும் வருகிறது. டீசலில் ஏஸ் கோல்டு ப்ளஸ் 5.52 லட்சத்துக்கு, 900 கிலோ லோடுடன் வந்தது. ஆக, வரி குறைந்ததில் மின்வண்டிக்கும் மற்றதுக்கும் இடைவெளி கூடிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு வைத்து, வரி வசூலித்து வியாபாரம் செய்பவர் என்றால், சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். அப்படிப்பட்டவர் வரி நீங்கிய விலைகளை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்கில் மின்வண்டிக்கு இருந்த வரிச் சலுகை மறைந்து, இடைவெளி இன்னும் பெரிதாகும். பதிவு இல்லாத சொந்த வண்டிக்காரருக்கும் காம்போசிஷனில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு நிலையான சதவீதம் வரி கட்டும் முறை) இருப்பவருக்கும் முழு விலைதான் கணக்கு. நான் காம்போசிஷன், அதனால் முழு விலையையே எடுத்துக்கொள்கிறேன். மானியத்தை யாரும் எதிர்பார்க்க வேண்டாம். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மூன்று சக்கர வண்டிக்கு இடம் இருந்தது, பெரிய லாரிக்கு இருந்தது, நடுவில் இருக்கும் குட்டி யானைக்கு இல்லை.

அடுத்தது லோடு. இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். 20 லிட்டர் கேன் ஒன்று தண்ணீரோடு 21 கிலோ வைத்துக்கொள்ளலாம். 750 கிலோவில் 35 கேன். டீசலின் 900 கிலோவில் 42 கேன். என் பழைய வண்டியில் நான் எத்தனை ஏற்றினேன்? 60. தெரிந்தே செய்த தவறு. அச்சு வளைந்து, ஸ்பிரிங் பட்டை உடைந்து, பின்டயர் ஆறு மாதத்தில் தேய்ந்து, அதற்கான காசை நான்தான் கொடுத்தேன். இப்போது ஓவர்லோடு பிடிபட்டால் அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, கூடுதல் டன்னுக்கு இன்னும் 2,000. இனி ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மின்வண்டியில் ஓவர்லோடு ஏற்றினால் தூரமும் கண்ணெதிரே குறையும்.

சரி, எனக்கு ஒரு நாளைக்கு 120 கேன். டீசலில் மூன்று டிரிப், மற்ற மூன்றிலும் நான்கு டிரிப். தண்ணீர் பிடிக்கும் பிளான்ட் 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு டிரிப் கூடினால் 12 கிலோமீட்டரும் ஒரு மணி நேரமும் கூடும். அப்படிப் பார்த்தால் டீசலில் நாளைக்கு 53 கிலோமீட்டர், மற்றதில் 65.

என் ஓட்டம் முழுக்க நின்று நின்று போவது. ஒரு தெருவில் ஐந்து வீடு, ஒவ்வொன்றிலும் இரண்டு கேன், முதல் கியர், நிறுத்து, மறுபடி முதல் கியர். இந்த ஓட்டத்துக்கு டீசல் லிட்டருக்கு 16, பெட்ரோல் 14, கேஸ் கிலோவுக்கு 18 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். நான் கணக்குப் போட்டபோது டீசல் 92, பெட்ரோல் 101, கேஸ் 90 ரூபாய். மின்வண்டியின் பேட்டரி 14.4 யூனிட், சான்றிதழில் இருப்பது 155 கிலோமீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்குதான் என் தெருக்களில் கிடைக்கும் என்று வைத்து 100 கிலோமீட்டர். சார்ஜில் வீணாவதையும் சேர்த்து 16 யூனிட், யூனிட் 10 ரூபாய்.

ஒரு நாள் செலவு இப்படி வருகிறது: பெட்ரோல் 469, கேஸ் 325, டீசல் 305, மின்சாரம் 104. டீசலோடு ஒப்பிட்டால் மின்வண்டியில் நாளைக்கு 200 ரூபாய் மிச்சம், விலையில் கூடுதலாகப் போடும் 98,000 ரூபாய் 490 வேலை நாளில் திரும்பிவிடும். அதாவது ஒன்றரை வருஷத்துக்குச் சற்று மேலே. பெட்ரோலோடு ஒப்பிட்டால் இரண்டரை வருஷம், கேஸோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட மூன்று வருஷம். ஆயில் சர்வீஸ், ஃபில்டர், கிளட்ச் பிளேட் எதையும் இதில் சேர்க்கவில்லை. என் மாதிரி ஓட்டத்தில் கிளட்ச் பிளேட் சீக்கிரம் போகும், அதுவும் மின்வண்டியின் பக்கம்தான் சேரும்.

ஆனால் இந்தக் கணக்கு முழுக்க 'யூனிட் 10 ரூபாய்' என்ற ஒரே கட்டையின் மேல் நிற்கிறது. வெளியில் பொது சார்ஜரில் யூனிட் 20 ரூபாய், அதன்மேல் 18 சதவீத வரி என்றால், கிலோமீட்டருக்கு 1.60 ஆக இருந்தது ஏறக்குறைய மூன்றே முக்கால் ரூபாயாகிவிடும். மிச்சம் பாதிக்கு மேல் காலி. டெமோ வண்டி எடுத்த நாளில் ஒரு பொது சார்ஜருக்குப் போய்ப் பார்த்தேன். வண்டியில் செருகும் இரண்டு சார்ஜிங் துப்பாக்கியில் ஒன்று வேலை செய்யவில்லை, இன்னொன்றில் ஒரு டாக்ஸி நின்றது, 50 நிமிடம் போனது. அந்த நேரத்தில் நான் 20 கேன் போட்டிருப்பேன்.

ஆகவே வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைவிட, ராத்திரி எங்கே தூங்கும் என்பதுதான் முதல் கேள்வி. வண்டி நிற்கும் இடத்தில் உங்கள் பெயரில் மீட்டர், ஒரு 15 ஆம்பியர் பிளக், ஒழுங்கான எர்த்திங் இருக்கிறதா? இருந்தால் ராத்திரி பத்துக்குச் செருகி விடியலில் எடுக்கலாம், மற்ற எல்லாவற்றையும் அதன்பிறகு பேசலாம். தெருவோரமாகவோ ஸ்டாண்டிலோ கோயில் மைதானத்திலோ நிறுத்துபவர் என்றால் இப்போதைக்கு மின்வண்டி வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரிடம் முதலில் பேசிவிட வேண்டும். வியாபார வண்டிக்கு எந்தக் கட்டணப் பிரிவு பொருந்தும் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள்.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குப் போக வர ஏறக்குறைய 170 கிலோமீட்டர். சான்றிதழ் தூரமே அதைத் தாண்டாது. மஹிந்திரா ஜியோவையும் பார்த்தோம். 7.52 லட்சத்தில் தொடங்கியது, பெரிய பேட்டரி 21.3 யூனிட், சொல்லும் தூரம் 160. அதுவும் போதாது. முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா ஈவியேட்டர் சான்றிதழில் 245 கிலோமீட்டர் சொல்கிறது, ஆனால் அது மூன்றரை டன் வண்டி, 15.99 லட்சம். அவர் ஏற்றும் சரக்குக்கு அத்தனை பெரிய டியூ கட்ட முடியாது.

"மச்சான், ரெண்டு மணிக்கு நான் மார்க்கெட்ல நிக்கணும். வழியில நின்னு சார்ஜ் போட்டா வெண்டைக்காய் வதங்கிடும்" என்றார். அவர் சொல்வதில் தவறே இல்லை. கேஸ் அவருக்குக் கட்டுப்படியாகும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவர் கிளம்பும் ஊரில் பங்க் இல்லை. இருக்கும் இடத்தில் வரிசை. கேஸ் தீர்ந்தால் கை கொடுப்பது வெறும் 5 லிட்டர் பெட்ரோல் டேங்க். ஆகவே டீசல், 900 கிலோ. இரவில் எந்த பங்கிலும் ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். நாலு வருஷம் கழித்து விற்கப் போனால் எந்த ஆட்டோ கன்சல்டிங்கிலும் மறுபேச்சில்லாமல் எடுப்பார்கள். மின் குட்டி யானைக்கு அந்தப் பழைய வண்டிச் சந்தை இன்னும் உருவாகவில்லை. ஐந்து வருஷத்தில் விற்றுவிடும் பழக்கம் உள்ளவர் அதையும் நஷ்டமாக எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரி வாரன்டி அடுத்த கைக்கு மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நாளைக்கு 25 கிலோமீட்டர்தான் ஓடுகிறது, பக்கத்துத் தெருக்களுக்கு மளிகை போடுகிறேன் என்பவருக்கு இரண்டுமே வேண்டாம். அந்த ஓட்டத்தில் மின்சாரம் பெட்ரோலை எட்டிப்பிடிக்க ஆறேழு வருஷம் ஆகும். பெட்ரோல் வாங்கி மீதிக் காசைச் சரக்கில் போடலாம். 500 கிலோவுக்குள் லோடு என்றால் மின்சார மூன்று சக்கர வண்டியே போதும்.

பெர்மிட் தேவையில்லை என்பதை மின்வண்டியின் பெரிய லாபமாக ஷோரூமில் சொல்வார்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட எந்தச் சரக்கு வண்டிக்கும் பெர்மிட் தேவையில்லை, டீசலாக இருந்தாலும். மூன்றரை டன் வண்டி வாங்குபவருக்குத்தான் அந்தச் சலுகை உதவும்.

என்னை மின்சாரத்தின் பக்கம் சாய்த்தது கணக்கு மட்டுமல்ல. டெமோ அன்று 35 கேனை ஏற்றிக்கொண்டு செம்பாக்கம் தெருக்களில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். பின்னால் ஏதோ சலசலவென்று கேட்டது. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். கேனுக்குள் தண்ணீர் தளும்புகிற சத்தம். பதினொரு வருஷமாகத் தண்ணீர் ஏற்றுகிறேன், அந்தச் சத்தத்தை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். இடது கால் வலிக்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறும்போதுதான் உறைத்தது. கிளட்ச் மிதித்து மிதித்து அந்த முழங்காலுக்கு இரண்டு வருஷமாகத் தைலம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பயம் மட்டும் போகவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. தண்ணீர் கேனுக்கு ஜனங்கள் தவித்ததும் அந்த நாட்களில்தான். டீசல் வண்டியில் இடுப்பளவு தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அப்படி ஒரு வாரம் மறுபடி வந்தால், ராத்திரி சார்ஜ் ஏறாத வண்டி வாசலில் நிற்கும். அதற்காக, எக்ஸ்சேஞ்சில் சொற்பத் தொகைக்குப் போகவிருந்த பழைய வண்டியை விற்காமல் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். எஃப்.சி., இன்சூரன்ஸ், நிறுத்த இடம் எல்லாம் சேர்த்தால் தாங்காது. பிளான்ட்காரரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது. புயல் நாட்களில் அங்கே ஒரு லைன் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து வண்டி நிற்கும் கொட்டகையில் தனி எர்த் குழி போடுகிறார். அது முடிந்து, 15 ஆம்பியர் பிளக்கில் ராத்திரி வோல்டேஜ் எவ்வளவு நிற்கிறது என்று மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கப்போகிறேன்.