85,000 ரூபாய்க்கு ‘ஷோ குவாலிட்டி’ யார்க்கி: பெங்களூரில் வாங்குபவர்கள் கவனம்

பெங்களூரில் யார்க்‌ஷயர் டெரியர் (யார்க்கி என்கிற, நீளமான பட்டு முடியுள்ள சின்ன ரக நாய்) குட்டி தேடுகிறவர்கள் பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். வீட்டு மாடியிலேயே நாய் வளர்த்து விற்கும் ஓர் ஆள் என்னிடம் 85,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார். வயிறு எரிகிறது.

“அக்கா, நீங்க தமிழா? நமக்கு ஓசூர்தான்” என்றுதான் ஆரம்பித்தார். காபி வந்தது. வளர்ந்த யார்க்கி ஒன்றைத் தூக்கி மேஜை மேல் நிறுத்தினார். முதுகில் நேர் வகிடு, இரண்டு பக்கமும் கால் மறைக்கும் பட்டு முடி. சீப்பை வைத்ததும் தடங்கலே இல்லாமல் நுனி வரை வழுக்கி இறங்கியது. “இதுதான் அம்மா. குட்டிக்கும் இதே முடி வரும், டாக் ஷோவிலேயே இறக்கலாம்.” அந்தச் சீப்பில் போனது என் 85,000. பத்து வாரக் குட்டி, அப்போதே சாம்பல் நிறம். “பாருங்க, இப்பவே ப்ளூ வந்துடுச்சு” என்று அதையும் பெருமையாகக் காட்டினார்.

வளர வளர முடி சுருண்டது. குளிப்பாட்டினால் உப்பிக்கொண்டு, காய்வதற்குள் சிக்கு. போன் செய்தால் “சீவச் சீவ நேராயிடும் அக்கா.” அப்புறம் “ஷாம்பூவை மாத்துங்க.” கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) தரும் இனச் சான்றிதழ் எங்கே என்றால் “சென்னையிலேர்ந்து கூரியர்ல வந்துட்டே இருக்கு.” நடந்து வந்திருந்தாலே வந்து சேர்ந்திருக்கும்!

போன வாரம், பல வருடமாக யார்க்கிகளை ஷோவுக்குக் கொண்டுபோகும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். முதுகு முடியை இரண்டு விரலால் பிளந்தார். அடியில் வெளிறிய கம்பளி முடி. “யார்க்கிக்கு இந்த உள்முடியே இருக்காதும்மா. இது ஷிட்ஸுன்னு வேற ஒரு ரகத்தோட கலப்பு மாதிரி தெரியுது” என்றார். அவர் சொன்னபடி, யார்க்கியின் முடி மெலிதாக, பளபளப்பாக, துளி அலையில்லாமல் நேராக விழ வேண்டும். பின்தலையிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அடர்ந்த எஃகு நீலம், அதில் பழுப்பு முடி கலக்கவே கூடாது. தலையிலும் காலிலும் இருக்கும் பழுப்பு முடி வேரில் கறுத்து, நுனியில் வெளிற வேண்டும். எடை 3.2 கிலோ வரைதான்; இது ஐந்தைத் தாண்டிவிட்டது. யார்க்கி குட்டி பிறப்பதே கறுப்பும் பழுப்புமாகத்தான், நீலம் முழுசாக வர ஒன்றிரண்டு வருடம்கூட ஆகும். விற்றவர் பெருமையடித்த அந்த ‘ப்ளூ’வே சந்தேகப்பட வேண்டிய விஷயமாம்!

விற்றவரைத் திரும்ப அழைத்தேன். “நாயைக் கொண்டாங்க, வேற தரேன்.” மாற்றிக்கொள்ள அது என்ன பழைய குக்கரா? பணத்தைக் கேட்டேன். “நாய் நல்லாத்தானே சாப்பிடுது, அப்புறம் என்ன?” அத்தோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். நேரில் போனால் கிரில் கேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பையன், “ஓனர் ஊர்ல இல்ல.” 85,000 ரூபாய்!

விரிவாக எழுத இப்போது பொறுமையில்லை. நாயின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பின் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் செய்து பாருங்கள். ‘அம்மா’ என்று எதைக் காட்டினாலும் அதன் சான்றிதழையும் கேளுங்கள். மாநில விலங்கு நல வாரியப் பதிவு இல்லாதவரிடம் வாங்காதீர்கள். ‘டீகப்’ (மிகக் குட்டியான யார்க்கி) என்று தனி ரகம் எதுவும் கிடையாது, அதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ரொக்கமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.