சென்னையில் சமகாலக் கலை பார்க்க: அரசுக் கூடமா, தனியார் கேலரியா, சோழமண்டலமா?

சென்னையில் ஓவியக் கண்காட்சி பார்க்க ஆசைப்படுபவர்களில் பலர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமிக்கும் போவதோடு நின்றுவிடுகிறார்கள். தனியார் கேலரி என்றால் வாங்க வசதி உள்ளவர்கள் போகும் இடம் என்று ஒரு தயக்கம். இந்தத் தயக்கம் தேவையே இல்லை. நகரில் கவனமாகத் தேர்ந்தெடுத்து, நல்ல வெளிச்சத்தில் மாட்டப்படும் கண்காட்சிகளில் கணிசமானவை தனியார் சுவர்களில்தான் நடக்கின்றன. உள்ளே போக வழக்கமாகக் கட்டணமும் இல்லை. ஆனால் அங்கே மட்டுமே பார்த்துப் பழகினால், வீட்டுச் சுவரில் மாட்டத் தோதான அளவில், விற்கக்கூடிய வகையில் செய்யப்பட்டவைதான் சமகாலக் கலை என்று மனம் பழகிவிடும்.

அரசுக் கூடம், தனியார் கேலரி, ஈஞ்சம்பாக்கத்தில் கலைஞர்களே உருவாக்கிய சோழமண்டலம் ஆகியவற்றில் எங்கே என்ன பார்க்கக் கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் தீர்மானிக்கிறது: அந்தச் சுவருக்கு யார் செலவு செய்கிறார்கள்?

லலித் கலா அகாடமி, கிரீம்ஸ் சாலை

1954இல் தில்லியில் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் லலித் கலா அகாடமி. அதன் சென்னை மண்டல மையம் 1978இல் வந்தது. அகாடமியே நடத்தும் கண்காட்சிகள் இங்கே உண்டு. மற்ற நாட்களில் ஓவியரோ ஓவியர் குழுவோ விண்ணப்பித்து, நாள் கணக்கில் வாடகை கட்டிக் கூடத்தை எடுக்கிறார்கள். நல்லது கெட்டது இரண்டும் இந்த ஏற்பாட்டிலிருந்தே வருகின்றன.

நல்லது என்னவென்றால், கல்லூரியிலிருந்து நேற்று வெளிவந்தவரும் நாற்பது வருடம் வரைந்தவரும் ஒரே சுவரைப் பிடிக்க முடியும். எந்தக் கேலரியும் தொடத் தயங்கும் மூன்று மீட்டர் கித்தானை, மண்ணும் கயிறுமாகத் தரையில் பரப்பிய நிறுவுகலையை (பொருட்களை ஓரிடத்தில் அமைத்தே உருவாக்கும் படைப்பை) இங்கே பார்க்கலாம். வாடகை கட்டியவர் என்பதால் ஓவியரே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் நேரடியாகக் கேட்கலாம். எந்தத் தாள், எத்தனை பூச்சு, முதலில் எந்த நிறம் என்று செய்முறையிலிருந்து தொடங்கினால் பேச்சு நன்றாகப் போகும். “இதற்கு என்ன அர்த்தம்?” என்று ஆரம்பித்தால் பலர் சுருங்கிவிடுவார்கள்.

கெட்டது, நெருக்கம். கட்டிய வாடகைக்கு முடிந்தவரை மாட்டிவிட வேண்டும் என்று படச்சட்டத்தோடு படச்சட்டம் ஒட்டி மாட்டிவிடுகிறார்கள். படங்களின் நடுக்கோடு தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பொது வழக்கம். இரண்டு வரிசையாக மாட்டும்போது அது போய்விடும். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று சுற்றினால் இருபதாவது படத்தில் கண் களைத்துவிடும். முதலில் வேகமாக ஒரு சுற்று வாருங்கள். உங்களை நிறுத்திய நாலைந்து படங்களுக்கு மட்டும் திரும்பிப் போய், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான கண்காட்சிகள் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். கடைசி நாள் பிற்பகலில் போனால் பாதிச் சுவர் காலியாக இருக்கலாம், அடுத்தவருக்கு இடம் விட வேண்டுமே. தொடக்க விழா மாலையில் பேச்சும் கூட்டமும்தான் இருக்கும். இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் காலை சரியான நேரம்: ஓவியர் இருப்பார், கூட்டம் இருக்காது.

கிரீம்ஸ் சாலை மையத்தின் இன்னொரு பலம் அச்சோவியம். அங்கே கையால் அச்சிடும் கிராஃபிக்ஸ் பட்டறை இருப்பதால் எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடு அரித்து அச்சிடுவது), லித்தோ (கல்லில் வரைந்து அச்சிடுவது), மரச்செதுக்கு அச்சுகளை அதிகம் பார்க்கலாம். எட்சிங் என்று எழுதியிருந்தால் படத்தைச் சுற்றித் தாளில் ஒரு செவ்வகப் பள்ளம் தெரிகிறதா என்று பாருங்கள். அச்சு எந்திரத்தின் உருளை தகட்டையும் ஈரத்தாளையும் சேர்த்து அழுத்தும்போது பதியும் விளிம்பு அது. படத்தின் கீழே பென்சிலில் 3/10 என்று இருந்தால், பத்துப் பிரதிகளில் மூன்றாவது. ஏ/பி என்றால் ஓவியர் தனக்கென எடுத்துக்கொண்ட பிரதி. எண்ணும் இல்லை, பள்ளமும் இல்லை என்றால் எப்படி அச்சிட்டது என்று தாராளமாகக் கேளுங்கள்.

தனியார் கேலரிகள்

நுங்கம்பாக்கம் வாலஸ் கார்டனில் இருக்கும் அப்பாராவ் கேலரி 1984இல் தொடங்கியது. மயிலாப்பூர் சிஐடி காலனியில் வின்யாசா. இவை குடியிருப்புத் தெருக்களில் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் வீடு போலத் தெரியும், கதவு சாத்தியிருக்கும். மணி அடித்தால் திறப்பார்கள். “பார்க்க வந்தேன்” என்றால் போதும்; வாங்கப் போகிறீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இங்கே சுவருக்குச் செலவு செய்வது கேலரி. படம் விற்றால்தான் அதற்கு வருமானம். விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கேலரி எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். எனவே தேர்வு இறுக்கமாக இருக்கும், மூன்று வாரம், ஒரு மாதம் என்று காட்சி நீடிக்கும், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மூச்சுவிட இடம் இருக்கும். விளக்கை ஒவ்வொரு படத்துக்கும் தனியாகத் திருப்பியிருப்பார்கள். தாளில் வரைந்தவை இருக்கும் அறை மங்கலாக இருந்தால் குறை சொல்லாதீர்கள். தாளையும் நீர்வண்ணத்தையும் வெளிச்சம் வெளுக்கச் செய்யும் என்பதால் அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் என்பது பாதுகாப்பு நெறி. எண்ணெய் ஓவியம் 200 லக்ஸ் வரை தாங்கும். கண் மங்கலுக்குப் பழகச் சில நிமிடம் ஆகும்; அதுவரை பொறுத்திருங்கள்.

சுவரில் விலை இருக்காது. மேசையில் விலைப் பட்டியல் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். பார்க்க மட்டும் வந்தவரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து: ஆண்டு, ஊடகம், அளவு எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. பெயர் அட்டைப் பக்கம் சிவப்புப் பொட்டு இருந்தால் விற்றுவிட்டது. பாதிப் பொட்டு என்றால் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

தனியார் இடத்தில் அடிக்கடி நடக்கும் கோளாறு, இரண்டு காட்சிகளுக்கு இடைப்பட்ட வாரத்தில் போய் மாட்டிக்கொள்வது. ஆணியும் வெற்றுச் சுவரும்தான் இருக்கும். புறப்படும் முன் தொலைபேசியில் இரண்டு கேள்வி: இப்போது காட்சி ஓடுகிறதா, இல்லையென்றால் ஸ்டோரில் இருப்பதைப் பார்க்கலாமா? இரண்டாவதற்குச் சம்மதிக்கும் கேலரிகள் உண்டு. அடுக்கிலிருந்து எடுத்து, சாய்த்து வைத்து, பின்பக்கம் வரை காட்டுவார்கள். பின்பக்கம் பார்க்கும் வாய்ப்பு அருங்காட்சியகத்தில் கிடைக்காது. கித்தானின் நெசவு, சட்ட மூலைகளில் செருகிய மர ஆப்பு, ஓவியர் கையால் எழுதிய தலைப்பும் ஆண்டும் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

வாங்குவதாக இருந்தால் தனியார் கேலரியே நல்லது. லலித் கலாவில் ஓவியரிடம் நேரடியாக வாங்கினால் பேச இடம் உண்டு, ஆனால் ரசீதும் சான்றிதழும் நீங்கள் கேட்டுப் பெற வேண்டும். படத்தின் புகைப்படம், அளவு, ஊடகம், ஆண்டு, ஓவியரின் கையொப்பம் ஆகியவை சான்றிதழில் இருக்கட்டும். சொன்ன விலையில் ஜிஎஸ்டியும் படச்சட்டமும் சேர்ந்ததா என்று முதலிலேயே கேளுங்கள். கேலரியில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, கமிஷனை மிச்சம் பிடிக்கலாம் என்று ஓவியர் வீட்டுக்குப் போவது தவறு. அது அந்த ஓவியருக்கும் கேலரிக்கும் உள்ள உறவைக் கெடுக்கும்; அடுத்த காட்சிக்கு அவருக்குச் சுவர் இல்லாமல் போகலாம்.

இன்னொரு எச்சரிக்கை. கித்தானில் டிஜிட்டலாக அச்சிட்டு, மேலே ஒளி ஊடுருவும் பசையைத் தூரிகையால் பூசி, வரைந்தது போலத் தோன்றச் செய்வது சந்தையில் உண்டு. படத்தின் பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சாய்வாக விழும்படி பாருங்கள். தூரிகைத் தடம் ஒரு பக்கம் ஓட, நிறத்தின் எல்லை வேறு பக்கம் ஓடினால் சந்தேகப்படலாம். கைபேசிக் கேமராவில் பெரிதாக்கினால் அச்சின் நுண்புள்ளிகள் தெரியக்கூடும். ஃபிளாஷ் போடாமல், அனுமதி கேட்டு.

தாள் படம் என்றால் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். சென்னைக் காற்றின் ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். சுற்றிலும் அமிலமற்ற மவுண்ட் அட்டை வைத்தால் இடைவெளி தானாக வந்துவிடும். வீட்டில் குளியலறையை ஒட்டிய சுவரைத் தவிருங்கள்.

எழும்பூரா, சோழமண்டலமா?

மேற்சொன்ன இரண்டும் வந்து போகும் காட்சிகள். இன்றைய ஓவியர் எங்கிருந்து வருகிறார் என்று புரிய நிரந்தரத் தொகுப்பு வேண்டும். சென்னையில் அதற்கு இரண்டு இடம்.

எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்த இந்தோ சாரசெனிக் கட்டடத்தில் தேசியக் கலைக்கூடம் இருக்கிறது. 1906இல் அடிக்கல் நட்டார்கள். ரவிவர்மா ஓவியங்கள் இந்தத் தொகுப்பில்தான். சமகால ஓவியங்களுக்கு வளாகத்திலேயே தனிக் கட்டடம் உண்டு. தொகுப்பு மதிப்புமிக்கது, நுழைவுக் கட்டணமும் குறைவு. ஆனால் எந்தக் கட்டடம், எந்தத் தளம் இன்று திறந்திருக்கிறது என்று டிக்கெட் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். பராமரிப்பு வேலைக்காகப் பகுதிகளை நீண்டகாலம் மூடி வைப்பது இங்கே வழக்கம். படங்களின் விளக்க அட்டையும் சுருக்கமானது.

சமகாலக் கலையை மட்டும் கருதினால் சோழமண்டலத்துக்கே எங்கள் ஓட்டு. சென்னைக் கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில், அங்கே படித்த ஓவியர்களும் சிற்பிகளும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய கிராமம் இது. மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். இந்தச் சுவருக்குச் செலவு செய்தவர்கள் கலைஞர்களே. 2009இல் திறந்த அதன் கலை மையத்தில் அந்தக் கல்லூரியைச் சுற்றி உருவான மெட்ராஸ் கலை இயக்கத்தின் படைப்புகள் நிரந்தரமாக இருக்கின்றன. வெளியே சிற்பப் பூங்கா, பக்கத்தில் வாடகைக்கு விடும் காட்சி அறைகள்.

பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படம் ஒன்றின் முன்னால் நின்றால், மலையாள எழுத்து போன்றவை, ஜாதகக் கட்டம், கணக்குச் சூத்திரம் எல்லாம் தெரியும். வாசிக்க முயன்றால் எதுவும் பிடிபடாது. எழுத்து எங்கே அடர்கிறது, எங்கே வெற்றிடம் விட்டிருக்கிறார், கட்டங்கள் கண்ணை எந்தத் திசையில் இழுக்கின்றன என்று பாருங்கள். படம் அப்போதுதான் நகர ஆரம்பிக்கும். அடுத்து பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் ஆகியோரின் உலோகச் சிற்பங்கள். செம்பு, பித்தளைத் தகட்டைத் தட்டி, வளைத்து, பற்றவைத்துச் செய்தவை. கோயில் கவசம் போல முன்பக்கத்துக்கென்றே உருவானவை இவற்றில் பல. முன்னால் பார்த்த பிறகு பின்னாலும் போய்ப் பாருங்கள். பற்றவைத்த தடத்தை வைத்து எது முதலில் வந்தது, எது மேலே ஏறியது என்று கண்டுபிடிக்கலாம். கே. ராமானுஜத்தின் பேனா மைச் சித்திரங்கள் கிடைத்தால் மிக அருகில் போக வேண்டும். அந்தக் கோபுரங்களும் பறக்கும் உருவங்களும் கோட்டுக்கு மேல் கோடு போட்டே இருட்டாக்கப்பட்டவை. முதுகுப்பை இருந்தால் முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், திரும்பும்போது சிற்பத்தில் இடிக்கும்.

வெளியூர் போக முடிந்தால்

தேசிய நவீனக் கலைக்கூடம் தில்லி, மும்பை, பெங்களூரு மூன்று ஊர்களில் மட்டும் இருக்கிறது. மெட்ராஸ் இயக்கம் பிறந்த சென்னையில் ஒரு கிளை இல்லாதது பெரிய குறை. பெங்களூருக் கிளை 2009இல் மாணிக்கவேலு மாளிகையில் திறக்கப்பட்டது; திங்கள் விடுமுறை.

2012இல் தொடங்கிய கொச்சி முசிறி பினாலே (இரண்டாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் நடத்தப்படும் சமகாலக் கலை விழா) வேறு அளவு. கேலரி சுவர் தாங்காத ஒலி, காணொளி, கட்டடம் முழுக்க விரியும் நிறுவுகலை ஆகியவற்றுக்கு தென்னிந்தியாவில் அதுதான் இடம். முதல் வாரத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். 2022இல் டிசம்பர் 12இல் திறக்க வேண்டிய பிரதானக் காட்சி டிசம்பர் 23க்குத் தள்ளிப்போனது. ஜனவரி பாதிக்கு மேல் எல்லா இடமும் ஓடும். இரண்டு முழு நாள் வேண்டும். காணொளி அறையில் நுழையும் முன் அட்டையில் நிமிடம் பார்த்து, சுற்று தொடங்கும் நேரத்தை ஊழியரிடம் கேளுங்கள். நடுவில் நுழைந்து நடுவில் வெளியேறினால் பார்த்ததாகவே கணக்கில்லை.

எந்த நாள்?

எழும்பூருக்கு வெள்ளி விடுமுறை. ஈசிஆரில் சோழமண்டலத்துக்கும் தெற்கே, முட்டுக்காட்டில் இருக்கும் தக்ஷிணசித்ராவின் வரிஜா கேலரியிலும் சமகாலக் காட்சிகள் நடக்கும். அங்கே செவ்வாய் விடுமுறை. தனியார் கேலரிகள் பல ஞாயிறு மூடிவிடும், காலை பதினொன்றுக்கு முன் திறக்காது. ஒரே ஒரு சனிக்கிழமைதான் உண்டு என்றால் பதினொன்றுக்கு வாலஸ் கார்டன், மதியத்துக்கு மேல் கிரீம்ஸ் சாலை. இரண்டும் ஆட்டோவில் பக்கம்தான். ஞாயிறும் கிடைத்தால் காலையில் திருவான்மியூர் தாண்டி ஈசிஆர் பேருந்தில் ஈஞ்சம்பாக்கம். சிற்பப் பூங்காவை வெயில் ஏறும் முன் முடித்துவிட்டு உள்ளே போங்கள்.