கெக்கோ கூட்டுத் தரைக்கு மணலா, டைல்ஸா?

திருகோணமலையில் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லியை வளர்க்கத் தொடங்குகிறவருக்கு முதலில் தோன்றுவது நிலாவெளிக் கடற்கரை மணல்தான், காசும் இல்லை, பார்க்கவும் பாலைவனம் போல அழகு. ஆனால் இரையைக் கவ்வும்போது மணலையும் சேர்த்து விழுங்கிவிடும், குட்டியென்றால் குடல் அடைத்துச் செத்தே போகலாம், அப்புறம் கடல் மணலில் உப்பு வேறு. அதன் சொந்த இடமான ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம்கூட இறுகிய மண்ணும் பாறையும்தான் அதிகம்.

டைல்ஸ் வெறுமையாகத் தெரியும், பரவாயில்லை. துடைத்தால் சுத்தம். அடியில் ஹீட் மேட் என்ற சூடேற்றும் விரிப்பை வைத்தால் சூடான பக்கத்தில் 31–33 பாகை வெப்பம் வயிற்றுக்கு நேரே கிடைக்கும் (சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் தயவுசெய்து வைக்காதீர்கள்). மார்கழி மழையில் மணல் ஈரம் பிடித்தால் லேசில் காயாது, டைல்ஸில் அந்தத் தொல்லை இல்லை. தோல் உரிக்க மட்டும் ஈரப் பாசி போட்ட ஒரு டப்பா தனியாக இருக்கட்டும்.