கருமஞ்சளா, மாங்காய் இஞ்சியா? மூன்று பைக்குத்தான் இடம்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. காலை 7 மணிக்கு வரும் வெயில் 11 மணிக்கெல்லாம் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும். இந்த வெயிலை நம்பித் தக்காளி வைத்து இரண்டு முறை ஏமாந்தேன். மஞ்சள் குடும்பத்துக்கு இதுவே போதும், ஓரளவு நிழலும் ஒத்துக்கொள்ளும். அப்படித்தான் 15 அங்குலப் பைகள் ஆறில், மஞ்சள், கருமஞ்சள், மாங்காய் இஞ்சி என்று தலா இரண்டு வைத்து மூன்று வருடம் ஓட்டினேன்.

இந்த ஆண்டு ஈரோட்டிலிருந்து மாமியார் வந்து எங்களோடு தங்குகிறார். துணி காயப்போட இடம் வேண்டும். ஆறு பை மூன்றாக வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாங்காய் இஞ்சி இரண்டு பை, கருமஞ்சள் ஒன்று, சாதா மஞ்சள் கிடையாது.

வளர்ப்பதில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்கு முளையுள்ள துண்டை இரண்டு அங்குல ஆழத்தில் வைத்து, செம்மண்ணும் தேங்காய் நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து மூடினால் சரி. டிசம்பர், ஜனவரியில் இலை பழுத்துக் காயும். அதன் பிறகு புதுமுளை வரும்வரை தண்ணீரே வேண்டாம். 2024 கோடையில் ஊரே டேங்கர் லாரிக்குக் காத்திருந்தபோது, என் பால்கனியில் குற்ற உணர்ச்சி தராத செடிகள் இவை மட்டும்தான். அவை தூங்கிக்கொண்டிருந்தன.

சாதா மஞ்சளை ஏன் கழித்தேன் என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பையில் ஒரு கிலோவுக்கு மேல் வந்தது. பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் மஞ்சளை வேகவைத்து, இரண்டு வாரம் காயவைத்து, தோலைத் தேய்த்து, அரைத்தால் ஐந்தில் ஒரு பங்குதான் தூளாக மிஞ்சும். மாமியார் விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் பெரிய கொப்பரையில் வெந்து களத்தில் காய்வதைப் பார்த்து வளர்ந்தவர். என் குக்கரைப் பார்த்து, "என்ன கண்ணு, மஞ்சளுக்கு விசில் வெச்சிருக்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அந்த ஊரிலிருந்தே வருடாவருடம் ஒரு டப்பா தூளும் வருகிறது. அப்புறம் நான் எதற்கு? ஒரே ஒரு வருத்தம், பொங்கல் பானையில் கட்ட வீட்டு மஞ்சள் கொத்து இருக்காது. அல்சூர் மார்க்கெட்டில்தான் வாங்க வேண்டும்.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம்.

கருமஞ்சள் அழகு. அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அகலமான இலையின் நடு நரம்பை ஒட்டி இருபுறமும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டை ஓடும். போன மே மாதம் இலை விரிவதற்கு முன்பே மண்ணோடு ஒட்டி ஒரு பூ வந்தது, இளஞ்சிவப்பு நுனியோடு. கிழங்கை வெட்டினால் உள்ளே மை கொட்டியதுபோல் நீலமும் சாம்பலும் கலந்த வளையங்கள். கற்பூர வாசம் கையைவிட்டுப் போக அரை நாள் ஆகும். வடகிழக்கு மாநிலங்களிலும் ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசக் காடுகளிலும் இயல்பாக வளர்வது. வங்காளத்தில் காளி பூஜையோடு சேர்த்துப் பேசப்படுவது.

வாங்குவதில்தான் முதல் சிக்கல். நான் இணையத்தில் வாங்கிய முதல் துண்டு நன்றாகவே முளைத்தது. இலையில் அதே கத்தரிப்பூ நிறப் பட்டை. எட்டு மாதம் ஊட்டி வளர்த்துத் தோண்டி வெட்டினால் உள்ளே வெளிர் மஞ்சள். மஞ்சள் குடும்பத்திலேயே இன்னொன்றான பூலாங்கிழங்கின் இலையிலும் இப்படி ஒரு பட்டை உண்டு என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. ஆகவே இலையைப் பார்த்து நம்பாதீர்கள், கிழங்கை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். முற்றாத விரல்களில், அதாவது பக்கவாட்டில் கிளைத்த கிழங்குகளில், நீலம் மங்கலாகத்தான் இருக்கும், தாய்க்கிழங்கில் பார்க்க வேண்டும். இரண்டாவது முறை 50 கிராம் துண்டுக்கு 250 ரூபாய் கொடுத்தேன். அது அசல்தான்.

சரி, வளர்த்தாயிற்று, தோண்டியாயிற்று. என்னைப் பொறுத்தவரை விஷயமே இங்குதான் தொடங்குகிறது. செடி வாங்கும்போது எப்படி வளர்ப்பது என்று ஆயிரம் கேள்வி கேட்கிறோம். தோண்டிய பிறகு அது எங்கே போகும் என்று நான் கேட்கவே இல்லை.

கருமஞ்சள் சமையலுக்கு ஆகாது. நுனி நாக்கில் வைத்தாலே கசப்பு காதுவரை ஏறும். நிறம் கறுப்பாக இருப்பதால், மஞ்சளுக்கு அதன் நிறத்தைத் தரும் குர்குமின் இதில் அதிகம் என்று சிலர் சொல்லி விற்கிறார்கள். உண்மையில் சாதா மஞ்சளைவிட இதில் அது மிகக் குறைவு. பழங்குடி மக்கள் சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் அரைத்துப் பற்றுப் போடுவது வழக்கம். எனக்குக் கணுக்கால் பிசகியபோது மாமியார் கல்லில் இழைத்துப் போட்டுவிட்டார். சுகமாகத்தான் இருந்தது. வீக்கம் நான்கு நாளில் வடிந்தது. பற்றுப் போடாமலிருந்தாலும் நான்கு நாளில் வடிந்திருக்குமோ என்னவோ. ஒரு கணுக்காலை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உள்ளுக்குச் சாப்பிட்டுப் பார்க்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

கணக்குப் போட்டால், வருடத்துக்கு எங்கள் வீட்டில் செலவானது கட்டைவிரல் அளவு ஒரே துண்டு. பையில் வந்ததோ அரைக் கிலோ. மறு வருடம் அந்த அரைக் கிலோவில் பாதியை நட்டிருந்தால் பால்கனி முழுக்கக் கருமஞ்சள்தான்.

விற்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 50 கிராம் 250 ரூபாய் என்றால் அரைக் கிலோ 2,500 ரூபாய், மனக்கணக்கு இனித்தது. அவென்யூ ரோடு பக்கம் ஒரு கிரந்திகெ அங்கடியில், அதாவது நம் நாட்டு மருந்துக் கடையில், கேட்டேன். கடைக்காரர் மறுக்கவில்லை. காயவைத்துக் கொண்டு வாருங்கள் என்றவர், "மாதம் எத்தனை கிலோ தருவீர்கள்?" என்று கேட்டார். நான் பேச்சை மாற்றி அதிமதுரம் வாங்கிக்கொண்டு வந்தேன். காயவைக்கும் முயற்சியும் வீண்தான். நவம்பரில் வங்காள விரிகுடாவில் ஒரு புயல் சின்னம் உருவானால் போதும், சென்னையில் மழை பெய்யும், பெங்களூரில் மூன்று நாள் சூரியன் தெரியாது. சீவிப் போட்ட வில்லைகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. நான் பார்த்தவரை, இந்தச் சில்லறை விலைக்கு வாங்கியவர்கள் எல்லாருமே என்னைப்போல் நடுவதற்கு வாங்கியவர்கள். நட்டவர் அடுத்தவருக்கு விதைக்கிழங்காக விற்கிறார், அவர் அதற்கு அடுத்தவருக்கு. 2012-இல் பெருந்துறைப் பக்கம் கவிழ்ந்த ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் நினைவிருக்கிறதா? அதில் நடந்த மோசடி இதில் இல்லை, ஆனால் கடைசியில் இதைச் சாப்பிடுவது யார் என்ற கேள்வி அதே கேள்வி. என்னிடம் ஆசையாகக் கேட்டு வாங்கிப்போன ஒரே ஆள் அலுவலக நண்பர். அவருக்கும் நடுவதற்கு வேண்டாம், பணம் சேரும் என்ற நம்பிக்கையில் கல்லாப்பெட்டியில் வைக்க வேண்டுமாம். அவர் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். காசு வாங்க மனம் வரவில்லை.

மாங்காய் இஞ்சிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. பெயரில்தான் இஞ்சி, பிறவியில் இதுவும் மஞ்சள் வகைதான். நறுக்கினால் மாவடு வாசம், ஆனால் புளிப்பு கிடையாது. கன்னடத்தில் மாவின ஷுண்டி. நவம்பர் கடைசியில் பையின் ஓரத்தைக் கையால் கிளறி இரண்டு விரல் ஒடித்தெடுப்பேன், மீதி மண்ணிலேயே இருக்கும். பிப்ரவரி வரை பைதான் குளிர்சாதனப் பெட்டி. நிஜக் குளிர்சாதனப் பெட்டியில் கழுவி வைத்தீர்களானால் பத்து நாளில் நுனியில் பூஞ்சணம் பூத்துவிடும். மண்ணோடு காகிதத்தில் சுற்றி வைத்தால் கூடுதலாகத் தாங்கும்.

தோலைக் கரண்டியால் சுரண்டி, வட்டமாக மெல்லச் சீவி, பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு. மறுநாளே தயிர் சாதத்துக்கு ஊறுகாய் தயார். பச்சை மிளகு கிடைக்கும் நாட்களில் ஒரு சரம் அதில் போட்டால் இன்னும் சுகம். வறுத்த கடலைப் பருப்பும் தேங்காயும் வைத்துத் துவையல். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சிவமொக்கா பக்கத்துக்காரர். அவர் சொல்லிக்கொடுத்தது தம்புளி: தேங்காய், சீரகம், ஒரு மிளகாயோடு பச்சையாக அரைத்து மோரில் கலந்து கடுகு தாளித்தால் முடிந்தது, அடுப்பில் கொதிக்கவிட வேண்டாம். கொதித்தால் அந்த மாங்காய் வாசம் பறந்துவிடும், நான் ஒருமுறை சாம்பாரில் போட்டு வீணடித்தேன். இரண்டு பையில் வந்த இரண்டரைக் கிலோவும் மார்ச் பிறப்பதற்குள் தீர்ந்துவிட்டது. விதைக்கென்று நான்கு துண்டை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.

காந்தி பஜாரில் அவரைக்காய் சீசனில் கூறு கட்டி விற்கிறார்களே, அதை ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். மஞ்சள் தூளுக்கு நான் சொன்ன காரணம் இதற்கும் பொருந்தும்போல் தெரியும். ஆனால் தூள் வருடம் முழுக்கக் கிடைக்கிறது. இது சில வாரம் கண்ணில் படும், பிறகு காணாமல் போகும், அதிலும் பாதி சுருங்கிப்போய் இருக்கும். தோண்டிய அன்றே சீவிச் சாப்பிட்டவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும்.

அழுகல் விஷயத்தில் மட்டும் கருமஞ்சளுக்கு நான் அநியாயம் செய்கிறேனோ என்று ஒரு சந்தேகம் உண்டு. ஒரு அக்டோபர் அடைமழையில் பைக்கு அடியிலிருந்த தட்டில் தண்ணீர் தேங்கி, ஒரு கருமஞ்சள் பை கூழாகிவிட்டது. பக்கத்தில் மாங்காய் இஞ்சி தப்பித்தது. ஆனால் அதற்குத் தட்டே வைக்கவில்லை. ஆகவே அது செடியின் குற்றமில்லை, என் குற்றம். தரையில் நட்ட அனுபவமும் எனக்கு இல்லை. ஓசூர் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் ஒரு பை கருமஞ்சள் ஏன் வைத்தேன்? மாமியார் கேட்டார், அது ஒன்று. நல்ல கிழங்கு கிடைப்பதே அரிது என்பதால் கைவிட மனமில்லை, அது இன்னொன்று. வருடாவருடம் தோண்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. தேவைப்படும்போது ஒரு விரல் ஒடித்துக்கொண்டு மீதியை அப்படியே விட்டுவிடலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நெருக்கம் கலைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறேன்.

போன வாரம் சாயங்காலம் ஒரு நல்ல மழை பெய்தது. கருமஞ்சள் பையில் இரண்டு ஊதா முளை எட்டிப் பார்க்கிறது. மாங்காய் இஞ்சி இரண்டு பையும் இன்னும் அசையவில்லை. மாமியார் துணி உலர்த்த வரும்போதெல்லாம் அந்த முளைகளைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்க்கிறார்.