1966, ஒரு புதன்கிழமை மாலை: பிபிசியா, ஐடிவியா?

பிரிட்டிஷ் டிவி என்றதும் நம் ஆட்களுக்கு பிபிசிதான் நினைவுக்கு வரும். ஆனால் அறுபதுகளில் அங்கே உழைக்கும் மக்களின் வீடுகளில் மாலை நேரம் பெரும்பாலும் ஐடிவி பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஐடிவி 1955இல் விளம்பர வருமானத்தை நம்பி வந்த சேனல். அதற்கு முன்பு பிபிசிக்குப் போட்டி என்று யாருமே இல்லை. இரண்டையும் பொதுவாக ஒப்பிட்டால் பேச்சு முடியாது என்பதால் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன்: 1966 நவம்பர் 16, புதன்கிழமை. வீட்டில் எதையும் பதிவு செய்து வைக்க முடியாத காலம் அது. ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று போனது போனதுதான்.

ஏழரை மணி என்றால் நமக்குச் சனி ஞாபகம் வரும், அவர்களுக்கு 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்'. திங்களும் புதனும் அரை மணி நேரம். ஐடிவிக்கு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுத்த வட்டார நிறுவனங்களில் ஒன்றான மான்செஸ்டரின் கிரனாடா 1960 டிசம்பரில் தொடங்கிய தொடர் இது. எழுதத் தொடங்கிய டோனி வாரனுக்கு அப்போது வயது 24தான். ஒட்டி ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகள், மூலையில் ரோவர்ஸ் ரிட்டர்ன் என்ற மதுக்கடை, அங்கே கூந்தல் வலையோடு உட்கார்ந்து ஊர்வம்பு பேசும் ஈனா ஷார்ப்பிள்ஸ். அவ்வளவுதான் கதைக்களம். வடக்கு இங்கிலாந்தின் பேச்சு வழக்கு வாரத்துக்கு இரண்டு தடவை நாடு முழுக்க ஒலித்தது என்பதுதான் இதில் புதுமை. பிபிசியின் திருத்தமான உச்சரிப்பைக் கேட்டு வளர்ந்த நாட்டில் இது சின்ன விஷயமில்லை. நடுவே விளம்பர இடைவேளை வரும். டீ குடிக்கும் சிம்பன்சிகள் பி.ஜி. டிப்ஸ் தேயிலை விற்கும். சிகரெட் விளம்பரம் மட்டும் வராது, முந்தைய ஆண்டு ஆகஸ்ட்டிலேயே டிவியில் அதற்குத் தடை போட்டாயிற்று.

எட்டு மணிக்கு முன் என்று கேட்டால் என் ஓட்டு ஐடிவிக்குத்தான். அந்த நேரத்தில் பிபிசியிடம் இதற்கு ஈடு கொடுக்க எதுவுமில்லை.

ஒன்பது மணி தாண்டியதும் ஆட்டம் மாறுகிறது, என் ஓட்டு பிபிசிக்குப் போகிறது. பிபிசி1இல் செய்திக்குப் பிறகு 'வெட்னஸ்டே ப்ளே' என்ற வாராந்தர நாடக வரிசை. அன்று வந்தது 'கேத்தி கம் ஹோம்'. எழுதியவர் ஜெரிமி சாண்ட்ஃபோர்ட், தயாரித்தவர் டோனி கார்னட், இயக்கியவர் கென் லோச். கேத்தியும் ரெஜ்ஜும் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். லாரி ஓட்டும் ரெஜ் விபத்தில் அடிபட்டு வேலையை இழக்கிறான். அப்புறம் மாமியார் வீடு, இடியப் போகும் குடியிருப்பு, கேரவன் என்ற வண்டி வீடு, கடைசியில் கணவன்மாரைத் தங்கவிடாத விடுதி என்று படிப்படியாக இறங்குகிறார்கள். 16 எம்எம் கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவிலேயே எடுத்தது. பின்னணியில் ஊர் பேர் தெரியாத குரல்கள் வாடகை நிலவரமும் வீட்டுக்காகக் காத்திருப்போர் கணக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். செய்தி முடிந்த கையோடு இதைப் பார்த்தவருக்கு நாடகம் எங்கே தொடங்கியது என்றே சட்டெனப் பிடிபட்டிருக்காது.

கடைசிக் காட்சி ரயில் நிலையத்தில். பெஞ்சில் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் கேத்தியிடமிருந்து நலத்துறை ஆட்கள் வந்து பிள்ளைகளைப் பிடுங்கிப் போகிறார்கள். அவள் கத்துகிறாள், சுற்றிலும் பயணிகள் அவரவர் வழியில் போகிறார்கள். பின்னணி இசை போட்டு நம்மை அழ வைக்கும் வேலையே இல்லை. சுமார் 1.2 கோடிப் பேர் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. வீடற்றோருக்கான ஷெல்டர் அமைப்பு அடுத்த இரண்டே வாரத்தில், டிசம்பர் 1 அன்று தொடங்கியது. நாடகத்தைப் பார்த்துத்தான் அது பிறந்தது என்று சிலர் எழுதுவார்கள். அது சரியல்ல, ஏற்கெனவே திட்டமிட்டிருந்தது. நாடகம் கிளப்பிய சூடு அதற்குக் கைகொடுத்தது, அவ்வளவே.

இங்கேதான் வேடிக்கை. பிபிசியின் இந்தத் தைரியத்துக்கு விதை வந்ததே ஐடிவி முகாமிலிருந்து. கனடாக்காரர் சிட்னி நியூமன், கிரனாடா போலவே ஐடிவிக்கு நிகழ்ச்சி தயாரித்த ஏபிசி நிறுவனத்தில் 'ஆர்ம்சேர் தியேட்டர்' மூலம் சமகாலச் சாமானியர் கதைகளை நாடகமாக்கிக் காட்டியவர். பிபிசி அவரை இழுத்து வந்து நாடகத் துறைத் தலைவராக்கியது. 'வெட்னஸ்டே ப்ளே' அவர் காலத்தில் வந்தது, 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைவுத் தொடரும்தான். போட்டி இல்லாமல் இருந்திருந்தால் பிபிசி தானாக இந்தப் பக்கம் வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

மூன்றாவதாக பிபிசி2 இருந்ததே என்பீர்கள். இருந்தது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. பழைய சேனல்களின் படம் 405 கிடைவரிகளால் ஆனது, இதன் படம் 625 வரிகள், அதுவும் யுஎச்எஃப் என்ற வேறு அலைவரிசையில் வந்தது. புது செட்டும் புது ஆன்டெனாவும் வேண்டும். 1964 ஏப்ரல் 20 அன்று தொடக்க இரவிலேயே பேட்டர்சீ மின் நிலையத்தில் தீப்பிடித்து லண்டனில் கரண்ட் போய், விழா மறுநாளுக்குத் தள்ளிப்போனது. படம் தெளிவு, பேச்சில் அவசரமில்லை. இரவு கடைசியில் வரும் 'லேட் நைட் லைன்-அப்' உரையாடலுக்கு முடியும் நேரம் என்றே ஒன்று கிடையாது. காசும் பொறுமையும் உள்ளவர்களுக்கான சேனல்.

பழைய நிகழ்ச்சிகளைக் காப்பாற்றி வைத்த விஷயத்திலும் ஓர் ஒப்பீடு உண்டு, அதில் தீர்ப்பு தலைகீழ். வணிகச் சேனல் என்று இளக்காரமாகப் பேசப்பட்ட தரப்பில், கிரனாடா தன் தெருக் கதையைப் பத்திரமாக வைத்திருந்தது. டிவி வைத்திருப்போர் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடந்த பிபிசியோ டேப் விலை அதிகம், மறு ஒளிபரப்பு உரிமை இல்லை என்று பலவற்றை அழித்து அதே டேப்பில் வேறு நிகழ்ச்சி பதிந்தது. அறுபதுகளின் 'டாக்டர் ஹூ' பகுதிகள் பல அப்படிக் காணாமல் போயின. ஆகவே பிபிசி உசத்தி என்று நான் சொல்லும்போது, தப்பிப் பிழைத்த நல்லவற்றை வைத்துச் சொல்கிறேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தப் புதன்கிழமைக்கு என் திட்டம்: ஏழரைக்கு ஐடிவி, எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதுக்கு முன்பே பிபிசி1. பிபிசி2 உள்ள வீட்டுக்காரர் யாராவது கூப்பிட்டால் அதற்கப்புறம் அங்கே போகலாம்.