எழுதியவரைப் பிடிப்பதா, தளத்தைப் பிடிப்பதா?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், இப்போதெல்லாம் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பேச்சைக் கட்டுப்படுத்த மலேசிய அரசிடம் இரண்டு வழிகள் உண்டு.

1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு, மிக மோசமாகப் புண்படுத்தும் பேச்சு போன்றவற்றை இணையத்தில் எழுதியவர் மீதே பாயும். 2025 திருத்தத்துக்குப் பிறகு உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக ஏறிவிட்டது. சிறை 2 ஆண்டு வரை. எது மிக மோசமாகப் புண்படுத்தும் பேச்சு என்று யார் முடிவு செய்வது? செம்பனைக் குலை வெட்டுபவர் வேலையை விட்டுவிட்டு வழக்கறிஞரைத் தேடி ஈப்போவுக்கு அலைய முடியுமா? வழக்குகூட வேண்டாம், ஒருவரை விசாரணைக்கு அழைத்தாலே வாட்ஸ்அப் குழு மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

மற்றது, 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள உரிமம். மலேசியாவில் 80 லட்சம் பேருக்குக் குறையாமல் பயன்படுத்தும் சமூக ஊடகத் தளங்களுக்கு இது கட்டாயம். பொறுப்பு கம்பெனிக்குப் போகிறது. பண மோசடிக்கும் சிறுவர் பாலியல் படங்களுக்கும் இதுதான் சரி. ஆனால் பயத்தில் நியாயமான புகாரையும் தளம் நீக்கிவிடலாம். நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும், முறையிடவும் வழி வேண்டும். அப்படியானால் என் ஆதரவு இதற்கே.